ஒவ்வொரு தையிலும் அம்மாவுக்கு வீசிங்: இன்ஹேலர் போட்டால் பழகிவிடுமா?

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு 52 வயது. மார்கழிப் பனியில் தும்மல் ஆரம்பிக்கிறது, தை அறுவடை வந்ததும் மூக்கடைப்பு, அப்புறம் ராத்திரி இரண்டு மூன்று மணிக்கு இழுப்பு. மெடிக்கலில் கேட்டு வாங்கிய ஆஸ்தாலின் இன்ஹேலரும் டெரிபிலின் மாத்திரையும் கைவசம் இருக்கின்றன, முடியாமல் போனால் டவுனுக்குப் போய் ஒரு ஊசி. போன வருஷம் ஒரு டாக்டர் ஃபோராகார்ட் என்ற இன்ஹேலர் எழுதிக் கொடுத்தாராம். அது ஸ்டீராய்டு என்று யாரோ சொன்னதும் அம்மா தொடவே மாட்டேன் என்கிறார், பழகிவிடும் என்று பயம். மூக்குக்குத் தனி மருந்து வேண்டுமா, வாழைப்பழம் தயிர் எல்லாம் நிறுத்தத்தான் வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறார். நான் டாக்டர் இல்லை, மருந்தாளுநர். டெல்டாவில் மருந்துக் கவுண்டருக்குப் பின்னால் நின்றே காலம் போய்விட்டது, அங்கிருந்து பார்த்ததையும் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

முதலில் நேரடியான பதில், தம்பி. இன்ஹேலர் பழகாது. பழகிவிட்டது போலத் தெரிவதற்குக் காரணம் வேறு. நோய் உள்ளேயே இருக்கிறது, அதனால் மருந்தை நிறுத்தினால் திரும்ப வருகிறது. பிரஷர் மாத்திரையை நிறுத்தினால் பிரஷர் ஏறுவதை யாரும் பழக்கம் என்று சொல்வதில்லை. உண்மையில் அந்த வீட்டில் அம்மா பயப்பட வேண்டிய மருந்து ஒன்று உண்டு என்றால் அது ஃபோராகார்ட் இல்லை, வேறு எதுவும் சேர்க்காமல் தனியாகப் போடும் ஆஸ்தாலின்தான்.

ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயின் உள்பக்கம் எப்போதும் கொஞ்சம் வீங்கி, சளி சுரந்துகொண்டே இருக்கும். தூசியோ புகையோ பட்டதும் குழாயைச் சுற்றியிருக்கும் தசை இறுகி வழி அடைபடுகிறது. ஆஸ்தாலினில் இருக்கும் சால்பூட்டமால் அந்தத் தசையைத் தளர்த்தும், அவ்வளவுதான் அதன் வேலை. ஐந்து நிமிஷத்தில் மூச்சு வரும், நாலு மணி நேரமோ ஆறு மணி நேரமோ தாங்கும், வீக்கம் மட்டும் அப்படியே இருக்கும். வாய்க்கால் தூர்ந்து கிடக்கும்போது மதகை மட்டும் தூக்கிவிட்டு என்ன பயன்? தூர் வாருகிற மருந்து ஸ்டீராய்டு, ஃபோராகார்ட்டில் இருக்கும் புடசோனைடு. 2019 முதல் ஜினா என்கிற உலக ஆஸ்துமா வழிகாட்டி, பெரியவர்களுக்கும் 12 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் சால்பூட்டமாலை மட்டும் வைத்துச் சமாளிக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. வருஷத்துக்கு மூன்று ஆஸ்தாலின் காலியாகிறது என்றாலே கடுமையான இழுப்பு வரும் வாய்ப்பு கூடுகிறது, மாதம் ஒன்று என்று போனால் உயிருக்கே ஆபத்து கூடுகிறது. ஒரு இன்ஹேலரில் 200 பஃப். போன தையிலிருந்து எத்தனை வாங்கினீர்கள் என்று கணக்குப் பாருங்கள்.

சரி, ஸ்டீராய்டு என்றால் பயம் வருவது நியாயம்தான். மாத்திரையாக மாதக்கணக்கில் சாப்பிட்டு முகம் வீங்கி, சுகர் ஏறி, எலும்பு தேய்ந்தவர்களை நம் ஊரில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் அளவைப் பாருங்கள். ஃபோராகார்ட் 200 என்றால் ஒரு பஃப்பில் 200 மைக்ரோகிராம். ப்ரெட்னிசோலோன் 10 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் 10,000 மைக்ரோகிராம். இரண்டும் வேறு வேறு ஸ்டீராய்டு என்பதால் இது நூல் பிடித்த ஒப்பீடு இல்லை, ஆனாலும் விஷயம் புரியும். ஒன்று நேராகக் குழாய்க்குப் போகிறது, மற்றது உடம்பெல்லாம் சுற்றுகிறது. வேடிக்கை என்னவென்றால் ஸ்டீராய்டு வேண்டாம் என்று இன்ஹேலரை ஒதுக்குகிறவர்கள்தான் டவுனில் போடும் ஊசியில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டை வருஷா வருஷம் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். கவர் பிரித்து அடையாளம் தெரியாமல் கொடுக்கிற மாத்திரைப் பொட்டலத்திலும், 'ஒரே வாரத்தில் ஆஸ்துமா போகும்' என்று விற்கிற சூரணப் பொடி சிலவற்றிலும் பல நேரம் இருப்பது ஸ்டீராய்டுதான். ஒரு பொடி நான்கே நாளில் அதிசயமாகக் கேட்டால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள்.

இன்ஹேலர் ஸ்டீராய்டால் வரக்கூடியது பெரும்பாலும் வாய்ப்புண் மாதிரி வெள்ளைப் படலமும் குரல் கம்முவதும்தான். போட்டதும் வாய் கொப்பளித்துத் துப்பினால் அதுவும் குறையும். பல் தேய்ப்பதற்கு முன்னால் போடும் வழக்கம் வைத்துக்கொண்டால் தனியாக ஞாபகம் வைக்க வேண்டாம்.

ஃபோராகார்ட்டில் இன்னொரு வசதி உண்டு. அதில் சேர்ந்திருக்கும் ஃபார்மோட்டெரால் சில நிமிஷத்திலேயே வேலை செய்யும், 12 மணி நேரம் தாங்கும். அதனால் டாக்டர் சொன்னால் இதையே தினமும் போடும் மருந்தாகவும், இழுப்பு வரும்போது போடும் மருந்தாகவும் வைத்துக்கொள்ளலாம். இழுக்கும்போதெல்லாம் கூடவே கொஞ்சம் ஸ்டீராய்டும் உள்ளே போய்விடும். லேசான ஆஸ்துமாவுக்கு, தேவைப்படும்போது மட்டும் இதைப் போட்டாலே போதும் என்கிற நிலைகூட இருக்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை வரை என்பதை டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் எல்லா கூட்டு இன்ஹேலருக்கும் இது பொருந்தாது. சீரோஃப்ளோ மாதிரி சால்மெட்டெரால் உள்ளவை மெதுவாக வேலை செய்பவை, அவசரத்துக்கு உதவாது. கவுண்டரில் 'அதே மாதிரி வேறு கம்பெனி கொடுங்கள்' என்று கேட்பவர்கள் இந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும்.

டெரிபிலின் பற்றி ஒரு வார்த்தை. டெல்டாவில் இழுப்பு என்றால் அடுத்த வார்த்தை டெரிபிலின் என்ற காலம் இன்னும் போகவில்லை. அது தியோஃபிலின் குடும்பம். வேலை செய்கிற அளவுக்கும் கெடுதல் செய்கிற அளவுக்கும் இடைவெளி ரொம்பக் குறைவு. படபடப்பு, குமட்டல், தூக்கமின்மை எல்லாம் அதனால் வரும். வயிற்றுப்போக்குக்கு சிப்ரோஃப்ளாக்சசின் சேர்த்துச் சாப்பிட்டால் ரத்தத்தில் அதன் அளவு இன்னும் ஏறும். இழுப்பு நேரத்தில் ஊசியாகப் போட்டாலும் நெபுலைசரில் வைக்கும் சால்பூட்டமாலுக்கு மேல் பெரிதாக எதையும் தருவதில்லை. ஊசி போட்டால்தான் வைத்தியம் என்று நாம் நினைப்பதால் அது ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்போது நான் ரொம்ப முக்கியமாக நினைப்பது. மருந்து கேட்கவில்லை என்று வருபவர்களில் பாதிப் பேருக்கு மருந்து உள்ளேயே போவதில்லை. திருத்துறைப்பூண்டிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் ரோட்டாகேப்பை (ரோட்டாஹேலர் என்ற கருவியில் போட்டு உறிஞ்ச வேண்டிய பொடிக் காப்ஸ்யூல்) வெந்நீரில் விழுங்கிவிட்டு 'நெஞ்சுக்குக் கேட்கலைங்க' என்று வந்தார். ரோட்டாஹேலரைத் தனியாக சாமி அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தாராம். சிரிப்பாக இருந்தாலும் அவர் மேல் குற்றமில்லை, காப்ஸ்யூல் என்றால் விழுங்குவதுதானே, கொடுத்தவர்கள் காட்டிக் கொடுத்திருக்க வேண்டும். ரோட்டாஹேலர் என்றால் காப்ஸ்யூலை ஓட்டையில் செருகி, அடிப்பகுதியைத் திருகி, மூச்சை வெளியே (கருவிக்குள் அல்ல) விட்டுவிட்டு, வேகமாக, பலமாக உறிஞ்ச வேண்டும். உள்ளே பொடி மிச்சம் இருந்தால் இன்னொரு முறை. ஐப்பசி கார்த்திகை மழையில் காப்ஸ்யூல் ஈரம் குடித்து நொளுநொளுத்துப் போகும், ஈரக் கையால் எடுக்காதீர்கள், டப்பாவை இறுக்கி மூடுங்கள்.

பஃப் இன்ஹேலருக்கு நேர் எதிர். குலுக்கி, மூச்சை விட்டு, உதட்டால் இறுகப் பிடித்து, மெதுவாக இழுக்க ஆரம்பிக்கும்போதே ஒரு அழுத்து, தொடர்ந்து ஆழமாக இழுத்து, பத்து வரை எண்ணும் நேரம் அடக்கி வைத்து அப்புறம் விட வேண்டும். உதட்டோரம் புகை மாதிரி வெளியே வந்தால் மருந்து காற்றுக்குத்தான் போயிற்று. 52 வயதில் இந்த ஒருங்கிணைப்பு எல்லோருக்கும் வராது. அதனால் ஸ்பேசர் வாங்குங்கள், அந்த பிளாஸ்டிக் குடுவைதான். ஒரு பஃப் அதற்குள் அடித்து, நிதானமாக மூச்சு இழுத்து விட்டால் போதும், தொண்டையில் படிவதும் குறையும். சோப்புத் தண்ணீரில் கழுவித் தானாகக் காயவிடுங்கள், துணியால் துடைத்தால் உள்ளே மின்னூட்டம் ஏறி மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஸ்பேசர் கிடைக்காத அவசரத்தில் 500 மில்லி தண்ணீர் பாட்டிலின் அடியில் இன்ஹேலர் வாய் அளவுக்குச் சூட்டுக் கம்பியால் ஓட்டை போட்டு, இடைவெளி இல்லாமல் ஒட்டிப் பயன்படுத்தலாம். தென்னாப்பிரிக்காவில் குழந்தைகளிடம் செய்து 1999-இல் வெளியான ஓர் ஆய்வில் அப்படிச் செய்த பாட்டில் கடை ஸ்பேசருக்குச் சமமாகவே வேலை செய்தது.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், நம் பக்கம் நெபுலைசர் மிஷின் மேல் ஒரு பக்தி இருக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது டெல்டாவில் எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோம்! மிஷின் வைத்திருந்த வீடுகளில் அது மேஜையில் சும்மா இருந்தது. ஸ்பேசருக்குக் கரண்ட் வேண்டாம். சாதாரண இழுப்புக்கு ஸ்பேசரோடு போடும் பஃப், நெபுலைசருக்குக் குறைந்தது இல்லை. மழையும் புயலும் வருவதற்கு முன்னால், புரட்டாசி கடைசியிலேயே ஒரு இன்ஹேலர் கூடுதலாக வாங்கி வைத்துவிடுங்கள்.

மூக்குக்கு வருவோம். தனி மருந்து கட்டாயம் வேண்டும். மூக்கும் நெஞ்சும் ஒரே பாதை, மேலே வீக்கம் அடங்காமல் கீழே அடங்காது. ஆஸ்துமா உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு மூக்கு அலர்ஜியும் இருக்கும். அம்மாவுக்குத் தும்மலும் அரிப்பும் மட்டும் என்றால் செட்ரிசினோ ஃபெக்சோஃபெனடினோ போதும். அவில் போட்டால் தூக்கம் தள்ளும், வண்டி ஓட்டுகிறவர்களும் அறுவடை மிஷின் பக்கம் நிற்கிறவர்களும் அதைத் தவிர்ப்பதே நல்லது. ஆனால் மூக்கடைப்புக்கு மாத்திரையை விட ஸ்டீராய்டு ஸ்ப்ரேதான் கை கொடுக்கும், ஃப்ளூட்டிகசோன் அல்லது மொமெட்டசோன். அடித்த அன்றே பலன் தெரியாது, முழுப் பலன் வர ஒன்றிரண்டு வாரம் ஆகும். தலையைக் கொஞ்சம் குனிந்து, வலது மூக்குக்கு இடது கையால், இடது மூக்குக்கு வலது கையால், நடுத்தண்டைப் பார்க்காமல் வெளிப்பக்கம் பார்த்து அடிக்க வேண்டும், 'சர்'ரென்று உறிஞ்சக் கூடாது. நடுத்தண்டில் அடித்துக்கொண்டே இருந்தால் ரத்தம் வரும். ஒட்ரிவின் சொட்டு மருந்து உடனே திறந்துவிடும், அதனாலேயே ஆபத்து. ஐந்து நாளுக்கு மேல் போனால் சொட்டு விடாவிட்டால் மூக்கு திறக்காது என்கிற நிலை வந்துவிடும். பழகிவிடும் என்ற பயத்தை அம்மா இதன் மேல் வைத்துக்கொள்ளலாம். மூக்கை உப்புத் தண்ணீரில் கழுவுவது நல்ல பழக்கம், ஆனால் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் மட்டும். ஆற்றுத் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் வேண்டாம்.

மான்டெலுகாஸ்ட், லெவோசெட்ரிசின் சேர்ந்த அலர்ஜி மாத்திரையை நம் கடைகளில் மிட்டாய் மாதிரி கொடுக்கிறார்கள். 2020 மார்ச்சில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதில் உள்ள மான்டெலுகாஸ்டுக்குக் கடுமையான எச்சரிக்கை போட்டது: கெட்ட கனவு, மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் வரை போகலாம். எல்லோருக்கும் வராது. ஆனால் வெறும் தும்மலுக்கு அது முதல் மருந்து இல்லை, சாப்பிட்ட பிறகு தூக்கமோ மனசோ கெட்டால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

ஸ்ப்ரேவும் இன்ஹேலர் ஸ்டீராய்டும் மெதுவாக ஏறுகிற மருந்து என்பதால் நம் ஊரில் காலண்டரைப் பார்த்து ஆரம்பிக்க வேண்டும். சம்பா அறுவடை தையில் என்றால் மார்கழி பாதியிலேயே ஸ்ப்ரே ஆரம்பித்திருக்க வேண்டும். இழுப்பு வந்த பிறகு ஆரம்பித்தால் அறுவடை முடியும்போதுதான் அது வேலை செய்யத் தொடங்கும். குறுவையிலும் வருகிறது என்றால் ஆவணிக் கடைசியில். ஃபோராகார்ட்டை அறுவடை முடிந்ததும் நீங்களாக நிறுத்தாதீர்கள். மூன்று மாதம் ராத்திரி எழாமல், ஓட்டம் நடையில் தடையில்லாமல் இருந்தால் டாக்டர்தான் அளவைக் குறைப்பார்.

தூசியை முழுக்கத் தவிர்க்க முடியாது, அது எனக்கும் தெரியும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்றால் எடுக்கமாட்டார்கள், அதனால் நெல்லை ரோட்டில் கொட்டி, காலால் கிளறிக் கிளறிக் காயவைக்கிறோம், அந்தக் கிளறலில்தான் சுணையும் பூஞ்சைத் தூசியும் முகத்துக்கு நேராக எழும்புகிறது. அம்மா அந்த வேலையை விட்டுவிட்டு சாக்குப் பிடிக்கிற வேலைக்குப் போகலாம், தூற்றும்போது காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் நிற்கலாம். துண்டைக் கட்டிக்கொள்வதால் பெரிய பயன் இல்லை, மூக்கோடு ஒட்டிய என் 95 முகக்கவசம் வேண்டும். வேலை முடிந்ததும் குளித்து, சேலையை வெளியிலேயே கழற்றி நனைத்துவிடட்டும். போகி அன்று காலையில் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருக்கட்டும், பழைய பாய் எரிக்கிற புகைக்கு வெளியே நிற்க வேண்டாம். கொசுவர்த்திக்குப் பதில் கொசுவலை. பழைய இலவம்பஞ்சுத் தலையணை இருந்தால் தூக்கிப் போடுங்கள், தூசிப்பூச்சி குடியிருக்கிற இடம் அதுதான். கோரைப்பாய் உண்மையிலேயே நல்லது.

மருந்தை ஒழுங்காகப் போட்டும் கேட்கவில்லை என்றால் இது ஆஸ்துமாதானா என்று ஒரு முறை பார்க்க வேண்டும். ஸ்பைரோமெட்ரி என்ற மூச்சுப் பரிசோதனையில் ஊதச் சொல்லி, இன்ஹேலர் கொடுத்து மறுபடி ஊதச் சொன்னால், முதல் நொடியில் வெளியேறும் காற்று 12 சதவீதமும் 200 மில்லியும் கூடுகிறதா என்று பார்ப்பார்கள். தஞ்சாவூர், திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் நெஞ்சக நோய்ப் பிரிவில் கேளுங்கள். காலமெல்லாம் விறகடுப்பில் ஊதியவர் என்றால் சிஓபிடியாக இருக்கலாம், புகையால் மூச்சுப்பாதை மெல்ல மெல்லச் சுருங்கிப்போகும் வேறு நோய் அது. ஈர வைக்கோலைப் பிரித்த அன்று சாயங்காலம் குளிரோடு காய்ச்சலும் மூச்சுத் திணறலும் வந்தால் அது பூஞ்சையால் நுரையீரலே அழற்சி அடைவது. அப்புறம் ஈஸ்னோபீலியா. ரத்தத்தில் ஈஸ்னோபில் என்ற வெள்ளணு கொஞ்சம் கூடினாலே நம் ஊரில் அந்தப் பெயரை வைத்துவிடுவார்கள், அலர்ஜியில் கூடுவது சகஜம். ஆனால் அந்த எண்ணிக்கை 3,000-க்கு மேல் போய், ராத்திரி இருமலும் இளைப்பும் எடை குறைவும் சேர்ந்தால் யானைக்கால் கிருமியால் வரும் ஈஸ்னோபீலியாவை நினைக்க வேண்டும். கும்பகோணம் வட்டாரத்தில் ஒரு காலத்தில் யானைக்கால் எவ்வளவு இருந்தது என்று பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அதற்கு மருந்து டைஎத்தில்கார்பமசின், ஏறக்குறைய மூன்று வாரம். இன்ஹேலரால் அது போகாது.

அம்மா வேறு எதற்காவது மருந்து சாப்பிடுகிறாரா என்றும் பாருங்கள். ஒற்றைத் தலைவலிக்கோ படபடப்புக்கோ கொடுக்கும் ப்ரோப்ரனலால், கண் அழுத்தத்துக்கு விடும் டிமோலால் சொட்டு, இரண்டும் இழுப்பைக் கிளப்பும். மூக்கில் சதை வளர்ந்திருக்கும் சிலருக்கு ஆஸ்பிரினோ, மூட்டுவலிக்குப் போடும் டைக்ளோஃபெனாக் ஊசியோ போட்ட கொஞ்ச நேரத்தில் பெரிய இழுப்பு வந்துவிடும். அப்படி ஒரு முறை வந்திருந்தால் எந்த ஆஸ்பத்திரியிலும் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள்.

ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பூக்கிறது, கழுத்துக் குழி உள்வாங்குகிறது, ஆள் அசந்து போகிறார், அல்லது இழுப்புச் சத்தமே நின்று மூச்சு வராமல் இருக்கிறது என்றால் 108-ஐ அழைத்துவிட்டு, உட்கார வைத்து, ஸ்பேசரில் ஆஸ்தாலின் நாலு பஃப், ஒவ்வொன்றாக. 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை திரும்பக் கொடுத்துக்கொண்டே போங்கள். கொரோனாவில் வாங்கிய ஆக்ஸிமீட்டர் 90-க்குக் கீழே காட்டினால் தாமதம் வேண்டாம். நல்ல எண் காட்டினாலும் பேச முடியவில்லை என்றால் கிளம்பத்தான் வேண்டும்.

கடைசியாக வாழைப்பழமும் தயிரும். சாப்பிட்டால் அரிப்பு, தடிப்பு, இழுப்பு என்று ஒவ்வொரு முறையும் வந்தால் மட்டும் விடுங்கள். வெறும் 'குளிர்ச்சி' என்ற பெயரில் பட்டினி போடாதீர்கள். தூதுவளை ரசமும் ஆடாதோடைக் கஷாயமும் தாராளமாகக் குடிக்கட்டும். ஆடாதோடையில் இருக்கும் வாசிசைனைப் பின்பற்றித்தான் ப்ரோம்ஹெக்சின் என்ற சளி மருந்தே வந்தது. ஆனால் அதைக் குடித்தோம் என்று ராத்திரி ஃபோராகார்ட்டை விட்டுவிடக் கூடாது. அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது இன்ஹேலரையும் ஸ்பேசரையும் கையோடு எடுத்துப் போய், அம்மாவை அங்கேயே ஒரு பஃப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.